முதலில் சாணை, பிறகு மரம், கடைசியில் கத்தி

மரம் செதுக்கும் ஆசை இப்போது பலருக்கும் வீடியோ பார்த்துத்தான் வருகிறது. உலை எரிகிறது, இரும்பு சிவக்கிறது, சம்மட்டி விழுகிறது, பத்தாவது நிமிடத்தில் பளபளவென்று ஒரு கத்தி பிறந்துவிடுகிறது. பார்த்தவர் உடனே கத்தி செய்யக் கிளம்பிவிடுகிறார். நான் சொல்லும் வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் சாணை பிடிக்கப் பழகுங்கள். அடுத்து, கடையில் வாங்கிய கத்தியால் இரண்டு மூன்று சாமான்களைச் செதுக்குங்கள். சொந்தக் கத்தி கடைசியில் வரட்டும். கூர் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகாதவர் செய்யும் கத்தி பார்க்க அழகாக இருக்கும், மரத்தில் இறங்காது. பிடி எவ்வளவு தடிமன் வேண்டும், அலகு எவ்வளவு நீளம் போதும் என்பதெல்லாம் நாலு நாள் மரம் சீவியவருக்குத்தான் பிடிபடும்.

இதற்குப் பட்டறை தேவையில்லை. பால்கனியில் ஒரு முக்காலி, கீழே விரிக்க ஒரு பழைய போர்வை, நல்ல வெளிச்சம். அவ்வளவுதான்.

என்ன வாங்குவது

ஒரே ஒரு கத்தி. அலகு 6 முதல் 8 செ.மீ. நீளம், மடக்காதது, கார்பன் எஃகு. மடக்குக் கத்தி விரலின் மேலேயே மூடிக்கொள்ளும், அது வேண்டாம். சமையலறைக் கத்தியும் உதவாது. அலகு மெல்லியது, வளையும், பிடியும் நீண்ட நேர வேலைக்கு ஏற்றதல்ல. ஸ்வீடனின் மோரா கத்திகள்தான் உலகம் முழுக்கப் புதியவர்கள் கையில் இருப்பவை. 120 என்ற எண்ணுள்ள கத்தியின் அலகு சுமார் 6 செ.மீ., 106 என்பதன் அலகு சுமார் 8 செ.மீ. சின்னதை வாங்குங்கள். பத்து உளி அடங்கிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பத்தையும் சாணை பிடிக்க வேண்டியவர் நீங்கள்.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டால் பிரச்சினை இல்லை.

சாணைக்கு மூன்று பொருட்கள் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேளுங்கள். 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில், ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருப்பதைத் தருவார்கள். 1954இல் தொடங்கி சென்னையை மையமாகக் கொண்டு இயங்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் கற்களே பெரும்பாலான கடைகளில் இருக்கும். அடுத்து, கார் பெயின்ட் கடையில் விற்கும் வாட்டர் பேப்பர், 400, 1000, 2000 எண்களில் ஒவ்வொன்று. அதை விரித்துத் தேய்க்க 6 மி.மீ. கனமுள்ள கண்ணாடித் துண்டு. கண்ணாடிக் கடையிலேயே ஓரத்தைத் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு பழைய தோல் பெல்ட். அதன் சொரசொரப்பான உள்பக்கம் மேலே வருமாறு பலகையில் ஒட்டி, பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறைகளில் கிடைக்கும் பச்சை மெழுகுக் கட்டியைத் தேய்த்துவிடுங்கள். பச்சை நிறம் குரோமியம் ஆக்சைடு, மெருகேற்றுவது அதுதான்.

சாணை பிடித்தல்

செதுக்கு கத்தியின் வெட்டும் விளிம்புக்கு வாய் என்று பெயர். இரு பக்கமும் அந்த வாயை நோக்கிச் சாய்ந்து இறங்கும் பட்டையான பகுதியைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். சாணை பிடிப்பது என்றால், இரண்டு சரிவுகளையும் அவை ஒரே கோட்டில் சந்திக்கும்வரை தேய்ப்பது. மழுங்கிய கத்தியில் அந்தக் கோடு உருண்டு போயிருக்கும். வாயை மேல்நோக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது, அது கண்ணுக்குத் தெரியாது.

கல்லை நீரில் நன்றாக ஊறவிட்டு, நழுவாமல் இருக்க ஈரத்துணியின் மேல் வையுங்கள். இரு சரிவுகளிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். இப்போது கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மெல்லத் தூக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் கத்தி வாய்க்கு முன்னால் மெல்லிய நீர்க்கோடு ஒன்று பிதுங்கி எழும். சரிவு முழுவதும் கல்லில் படிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சாய்வை மாற்றாமல், வாய் முன்னே போக இரண்டு முறை தள்ளிவிட்டு, திருப்பி மையைப் பாருங்கள்.

வாயை ஒட்டி மை அழியாமல் இருந்தால் கத்தி மிகவும் படுத்திருக்கிறது, முதுகை ஒரு நூல் உயர்த்துங்கள். வாயில் மட்டும் அழிந்து மேலே மை அப்படியே இருந்தால் மிகவும் தூக்கிவிட்டீர்கள். சரிவு முழுக்க ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. எத்தனை கருவிகள் விற்றாலும் கோணத்தைக் கண்டுபிடிக்க இந்த மைப் பரிசோதனைக்கு ஈடு இல்லை. முனையில் அலகு வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் சரிவு கல்லில் படியும். பலருடைய கத்தியும் முனையில் மட்டும் மழுங்கியிருப்பது இதைச் செய்யாததால்தான்.

சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சரிவை மட்டும் தொடர்ந்து தேய்த்தால், சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் பிசிறு எழும். தேய்ந்த எஃகு மெல்லிய தகடாகி அந்தப் பக்கம் மடிந்து நிற்பதுதான் பிசிறு. முதுகிலிருந்து வாயைக் கடந்து வெளியே போகுமாறு கட்டை விரலை லேசாக இழுத்துப் பாருங்கள், நகத்தில் தட்டும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. அடியிலிருந்து முனைவரை பிசிறு தொடர்ச்சியாக எழாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். எழுந்தபின் கத்தியைத் திருப்பி, பிசிறு இந்தப் பக்கம் வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு நைசான பக்கத்தில் இதையே குறைந்த அழுத்தத்தில் செய்யுங்கள்.

வாட்டர் பேப்பருக்கு வரும்போது திசை மாறுகிறது. கண்ணாடியில் நீர் தெளித்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வாயை முன்னே தள்ளினால் கத்தி தாளைக் கிழித்துவிடும். முதுகு முன்னே வர இழுக்க மட்டும் செய்யுங்கள். 400, 1000, 2000 என்று ஏறும்போது அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். தோல் பட்டையிலும் முதுகு முன்னே, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. இழுப்பு முடியும் இடத்தில் கத்தியை மணிக்கட்டால் சுழற்றித் தூக்கினால் வாய் உருண்டுவிடும், அப்படியே நிறுத்திப் பின் எடுங்கள்.

கூரைச் சோதிக்கக் கைமுடியைச் சிரைத்துக் காட்டுவது ஒரு வேடிக்கை. உண்மையான சோதனை மரத்தில்தான். மென்மையான பேக்கிங் பெட்டிப் பலகையின் குறுக்கு முனையை மெல்லிசாகச் சீவுங்கள். வெட்டிய முகம் மின்ன வேண்டும். அதில் வெள்ளைக் கீறல் ஒன்று ஓடினால், வாயில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது. மீண்டும் கல்லுக்குப் போங்கள்.

செதுக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை தோல் பட்டையில் இழுத்துக்கொண்டால் கல்லை அடிக்கடி தேட வேண்டியதில்லை. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையையும் காய் நறுக்கும் கத்தியையும் தாராளமாகக் கொடுங்கள். செதுக்கு கத்தியைக் கொடுக்க வேண்டாம். சுழலும் உலர்ந்த சக்கரத்தின் சூடு மெல்லிய வாயின் பதத்தை, அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினத்தை, எடுத்துவிடும், சமதளச் சரிவும் போய்விடும்.

மரம் தேடுதல்

காய்ந்த மரத்தில்தான் வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். கத்தி வேலைக்கு வெட்டி ஓரிரு நாளான பச்சை மரம்தான் சுகம். ஈரம் இருக்கும்வரை நார் மென்மையாக இருக்கும். மின்வாரியப் பராமரிப்பு நாட்களில் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிப் போடுவார்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் எடுத்துப் போகச் சொல்லி நன்றியும் சொல்வார். உடனே செதுக்க முடியாவிட்டால் இரு முனைகளிலும் மெழுகோ பெவிக்காலோ பூசிவிடுங்கள். ஈரம் முதலில் முனை வழியாகத்தான் போகிறது, வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

பழக மாமரம் போதும். பூவரசு இன்னும் நேர்த்தி. வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள்: வெண்மை, நெருக்கமான நார், எந்தத் திசையிலும் அடம்பிடிக்காது. சென்னபட்டணத்து மரப் பொம்மைகள் அந்த மரத்தில் கடைந்தவைதான். வேம்பு நல்ல மரம், ஆனால் ரேகைகள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் முதல் வேலைக்குக் கொஞ்சம் முரண்டு செய்யும். சேலம் மாவட்டம் தம்மம்பட்டியிலும் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலும் சுவாமி சிற்பங்களுக்குத் தூங்குமூஞ்சி மரம் பயன்படுகிறது. அது உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செய்யும் வேறு வித்தை. தேக்கில் சிலிக்கா கலந்திருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். முருங்கை சோற்றுக் கட்டை, ஒன்றுக்கும் ஆகாது.

அரளியையும் எட்டியையும் தொடாதீர்கள், இரண்டும் விஷம். அவற்றில் கரண்டி செய்வதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மாமரப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், பால் வடிந்து நின்ற பிறகு எடுங்கள். சந்தனமும் செஞ்சந்தனமும் வனத்துறை விவகாரம், பொழுதுபோக்குக்கு உரியவை அல்ல.

முதல் வேலை: ஒரு துடுப்பு

முதலில் கரண்டி செய்ய வேண்டாம். கரண்டிக் குழிக்கு வளைந்த அலகுள்ள தனிக் கத்தி வேண்டும். களி கிண்டும் துடுப்பு தட்டையானது, நேர்க்கத்தி ஒன்றே போதும். சின்ன அளவில் செய்தால் உப்புமா கிளறவும் ஆகும்.

எட்டுப் பத்து செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள, கணு இல்லாத கிளைத் துண்டை எடுங்கள். நிற்க வைத்து, மேல் முனையின் நடுவில் அரிவாளைப் பதித்து, அதன் முதுகில் கட்டையால் அடித்து இரண்டாகப் பிளக்கவும். நட்ட நடுவே ஓடும் மெத்தென்ற சோற்றியை முழுவதும் செதுக்கி எறிந்துவிட வேண்டும். அதை விட்டுவைத்த சாமான் காயும்போது கட்டாயம் வெடிக்கும். பிளந்த முகத்தைச் சமமாக்கி, பென்சிலால் வரையுங்கள்: மொத்தம் 28 செ.மீ., அகன்ற பகுதி 6 செ.மீ., பிடி இரண்டரை செ.மீ. கனத்தை அரிவாளால் 12 மி.மீ. வரை குறைத்துக்கொள்ளலாம்.

அகன்ற பகுதி பிடியாகக் குறுகும் தோள்பட்டையில்தான் துடுப்புகள் பிளக்கும். அங்கே கோட்டுக்கு 2 மி.மீ. முன்புவரை ரம்பத்தால் குறுக்காக அறுத்து நிறுத்துங்கள். பிறகு பிடியின் பக்கத்திலிருந்து அந்த அறுப்பை நோக்கிச் சீவினால், பிளவு எவ்வளவு ஓடினாலும் அறுப்பில் வந்து நின்றுவிடும்.

திசையைப் பற்றி ஒரே விதி: தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு. சீவல் சுருண்டு வந்தால் திசை சரி. கத்தி உள்ளே இறங்கி மரத்தைப் பிளக்கப் பார்த்தால் நார் எதிராக ஓடுகிறது. அழுத்தாமல் கட்டையைத் திருப்பிப் பிடியுங்கள்.

கையாள மூன்று வழிகள் தெரிந்தால் போதும். அதிக மரம் எடுக்க, கட்டையைத் தொடையின் வெளிப்பக்கமாக வைத்து, உடம்புக்கு வெளியே தள்ளிச் சீவுவது. நுணுக்கத்துக்கு, கட்டையைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரலைக் கத்தி முதுகில் வைத்து, அந்த விரலால் மட்டும் தள்ளுவது. அலகு ஓரிரு செ.மீ.க்கு மேல் நகரவே முடியாது என்பதால் இது மிகவும் பாதுகாப்பானது. மூன்றாவது, மாங்காய்த் தோல் சீவுவது போல உங்களை நோக்கி இழுப்பது. இதில் பெருவிரல் கத்தி வரும் பாதைக்குக் கீழே, கட்டையின் அடிமுனையில் ஊன்றியிருக்க வேண்டும்.

இரு தொடைகளுக்கு நடுவே வைத்துச் செதுக்கவே கூடாது. உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கத்தியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் குழந்தையோ பூனையோ இருக்கக் கூடாது. கட்டையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். வெட்டுப்பட்டால் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். ரத்தம் நிற்காவிட்டாலோ விரல் மரத்துப்போனாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று முன்பே பார்த்துவைப்பது நல்லது.

உருவம் வந்ததும் துடுப்பை அதே சீவல்களோடு காகிதப் பையில் போட்டு நிழலில் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் சாயங்காலத்துக்குள் வெடித்துவிடும். காய்ந்தபின், புதிதாகக் கூர் தீட்டிய கத்தியால் மேலெல்லாம் மெல்லிசாக ஒருமுறை சீவினால் தானாகவே பளபளப்பு வரும். நுனி 3 மி.மீ. கனத்துக்கு வரட்டும். எனக்கு இந்தக் கத்தித் தடம்தான் பிடிக்கும். வழவழப்பு வேண்டுமென்பவர்கள் 120, 240 உப்புத்தாளால் தேய்த்து, ஒருமுறை நனைத்துக் காயவைத்து, நிமிர்ந்த நாரை மறுபடி தேய்க்கலாம்.

பூசுவதற்குச் செக்கில் ஆட்டிய ஆளிவிதை எண்ணெய் நல்லது. காற்று பட்டு அது மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும், சில வாரங்கள் ஆகும். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய லின்சீடு எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் முக்கிவிடுங்கள்.

இரண்டாவது வேலையாக அகப்பையைச் சொல்வேன். கொட்டாங்குச்சியில் குழி தயாராகவே இருக்கிறது. நீங்கள் காம்பை மட்டும் செதுக்கி, ஓட்டில் எதிரெதிரே இட்ட இரண்டு துளைகளில் இறுக்கமாகச் செருக வேண்டும். துளைக்கு ஏற்றபடி காம்பை மயிரிழை மயிரிழையாகக் குறைக்கும்போது கை அடங்கப் பழகும்.

இனி கத்தி

உலை வேண்டாம். ஏற்கெனவே பதம் ஏற்றிய எஃகைத் தேய்த்தே கத்தி ஆக்கலாம். லேத் பட்டறைகளில் பெரிய இரும்புத் தண்டுகளை அறுக்கும் பவர் ஹாக்சா பிளேடுகள் பல் தேய்ந்ததும் குப்பைக்குப் போகும். சுமார் 2 மி.மீ. கனமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதிவேக எஃகால் (கடையில் HSS என்பார்கள்) ஆனது என்பதால், தேய்க்கும்போது 500 டிகிரி சூடேறினாலும் கடினம் குறையாது. புதியவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஒரு சோதனை மட்டும் அவசியம்: பிளேடின் முதுகில் அரத்தால் ராவிப் பாருங்கள். அரம் வழுக்கினால் முழுவதும் கடின எஃகு. அரம் கடித்தால் பல் மட்டுமே கடினமான இருவகை எஃகு, கத்திக்கு ஆகாது.

பழைய அரமும் நல்ல பொருள்தான். ஏறத்தாழ 1 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும். ஆனால் அது கண்ணாடியாக நொறுங்கும் அளவுக்குக் கடினம். வீட்டு ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வைத்தால் வெளிர் வைக்கோல் நிறம் வரும், நொறுங்கும் குணம் குறையும். அதற்குப் பிறகு கிரைண்டரில் நொடிக்கு நொடி நீரில் முக்க வேண்டும். ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போயிற்று, நீலம் மறையும்வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான்.

பிளேடில் மார்க்கரால் வரையுங்கள்: அலகு 7 செ.மீ., பிடிக்குள் நுழையும் வால் 6 செ.மீ. ஆங்கிள் கிரைண்டரில் வெட்டும் சக்கரம் போட்டு வெட்டலாம். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், சக்கரத்தின் மூடியைக் கழற்றவே கூடாது. பாலியெஸ்டர் சட்டை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் ஆகாது. இந்த எஃகு வளையாது, தெறித்து உடையும். அதனால் தனியாக ஆளில்லாமல் முதல்முறை செய்ய வேண்டாம். கிரைண்டர் இல்லாதவர்கள் அதே லேத் பட்டறையில் வரைந்தபடி வெட்டித் தரச் சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சரிவைத் தேய்க்கக் கோணமானி தேவையில்லை, ஸ்கேல் போதும். 2 மி.மீ. கன எஃகில் இரு பக்கமும் நாலரை மி.மீ. அகலத்துக்குச் சரிவு வந்தால் மொத்தக் கோணம் 25 டிகிரி. செதுக்கு கத்திக்குச் சரியான அளவு. நாலரை மி.மீ. தூரத்தில் கோடு கிழித்துக்கொண்டு, வாயின் நடுவிலும் ஒரு கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே தேய்த்து வாருங்கள். வாய் அரை மி.மீ. கனத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிடி போடும்வரை அது மழுங்கலாகவே இருக்கட்டும்.

பிடிக்குக் காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றே போதும், கனமும் உறுதியும் உள்ள கட்டை. 11 செ.மீ. நீளம், உள்ளங்கைக்கு நிறைவான முட்டை வடிவக் குறுக்குவெட்டு; உருண்டையாக இருந்தால் கத்தி கைக்குள் சுழலும், வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் தெரியாது. வாலின் அளவுக்குத் துளையிட்டு, முனையில் ஏ.சி. மெக்கானிக்கிடம் கிடைக்கும் செப்புக் குழாய்த் துண்டைப் பூணாக இறுக்கி, அரால்டைட் குழைத்து ஊற்றி வாலைச் செருகுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். பிறகு அலகில் டேப் சுற்றிக்கொண்டு பிடியைக் கைக்கேற்றபடி செதுக்கி முடித்து, கடைசியாகக் கல்லுக்குக் கொண்டுபோங்கள். அதிவேக எஃகு கார்போரண்டம் கல்லில் மெதுவாகத்தான் தேயும், பொறுமை வேண்டும். ஒருமுறை ஏறிய கூர் நெடுநாள் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரும்பு அடிக்கும் ஆசை மிச்சமிருந்தால், பக்கத்தில் உள்ள கொல்லர் பட்டறைக்குப் போய் உட்காருங்கள். லாரி வில் பட்டையைக் காய்ச்சி அரிவாளாக்கி, சூட்டோடு முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சல் போடுவதை நேரில் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அந்த வேலைக்குப் பேர் போன ஊர்.

கத்திக்கு உறை அன்றைக்கே செய்துவிடுங்கள். கெட்டி அட்டையை மடித்து டேப் ஒட்டினாலும் போதும். தோல் உறை பிறகு தைத்துக்கொள்ளலாம், ஆனால் தோலுக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. மெட்ரோ சோதனையிலும் பிடிபடும். பிடி ஒருநாள் ஆடத் தொடங்கினால் அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள். பழைய பசையைச் சூடுகாட்டி இளக்கி, அலகைக் கழற்றி, துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.